இரண்டு ஆசிரியர், ஒரே வகுப்பு: கலப்புக் கற்றலையும் கூட்டுக் கற்பித்தலையும் சேர்த்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் இதைச் சொதப்பினோம். அங்கிருந்தே தொடங்குகிறேன். மொரிஷியசில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தத் தீவுக்கு வந்தவர்களின் வரலாறும் அவர்களுடைய தமிழும் என்று ஒரு பாடம். வரலாற்றுத் துறையிலிருந்து ஓர் அம்மையார் என்னோடு சேர்ந்தார். போஜ்புரி பேசிய குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் எழுத்து தெரியாது. பழைய ஆவணங்களைப் படிப்பதில் கை தேர்ந்தவர். முதல் ஏழு வாரம் அவர் நடத்தினார், அடுத்த ஏழு வாரம் நான். இணையத்தில் ஆளுக்குப் பதினைந்து பதினாறு பிடிஎஃப் ஏற்றினோம். பருவம் முடிந்ததும் ஒரு மாணவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தோம், மூன்று பாடம் படித்தோம்."

மூன்றாவது எது என்று கேட்டேன். "அந்த பிடிஎஃப் எல்லாம்."

அடுத்த வருடம் முழுவதையும் கலைத்துப் போட்டுத் திரும்பக் கட்டினோம். கீழே இருப்பது அந்த இரண்டாவது தடவையிலிருந்து எடுத்தது. உங்கள் பாடம் வேதியியலாகவோ கணக்கியலாகவோ இருக்கலாம். படிகள் பெரிதாக மாறாது.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கலப்புக் கற்றல் என்றால் வகுப்பறையில் நடந்துகொண்டிருந்ததில் ஒரு பகுதியை அங்கிருந்து எடுத்து இணையத்தில் வைப்பது. "எடுத்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். வகுப்பு நேரம் அப்படியே இருக்க, மேலே இணைய வேலையையும் ஏற்றினால் அது கலப்பு ஆகாது, சுமை ஆகும். அமெரிக்காவில் இணையக் கல்வியைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்த ஆலனும் சீமனும் பாட உள்ளடக்கத்தில் 30 முதல் 79 விழுக்காடு வரை இணையத்தில் நடந்தால்தான் அதைக் கலப்புப் பாடம் என்று எண்ணினார்கள். அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் வாரத்துக்கு ஒரு கோப்பை ஏற்றிவிட்டு நாங்களும் கலப்புக் கற்றல் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதை அது காட்டுகிறது.

கூட்டுக் கற்பித்தல் என்றால் இரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து நடத்தி, சேர்ந்து மதிப்பெண் போடுவது. நடுவில் ஒருவர் வந்து ஒரு சொற்பொழிவு ஆற்றிப் போனால் அவர் விருந்தினர். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டால் அது தொடர் ஓட்டம். ஒருவர் கையிலிருந்த கோலை மற்றவர் வாங்கி ஓடுகிறார், இருவரும் சேர்ந்து ஓடுவதே இல்லை. எங்கள் முதல் வருடம் அதுதான்.

முதல் படி: இரண்டாவது ஆள் எதற்கு என்று கேளுங்கள்

மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அந்தப் பதிவேடுகளில் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆளின் எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், சாதி, ஊர், வந்த கப்பல். எழுதியவர் காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டில் எழுதினார். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆனார், சுப்பிரமணியன் 'சூப்ரமானியென்' ஆனார். தகப்பன் பெயர் பிற்பாடு குடும்பப் பெயராக உறைந்துபோனது. இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தம் குடும்பப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரியாது.

அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் நான் பெயரை மீட்டுக் கொடுப்பேன், ஊர்ப் பெயர் எந்தத் தாலுகாவாக இருக்கும் என்று ஊகிப்பேன். மதராசிலிருந்து அந்தக் கப்பல் ஏன் அந்த வருடம் புறப்பட்டது, இறங்கியவர் எத்தனை நாள் கிடங்கில் காத்திருந்தார், ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் கையில் என்ன சீட்டு இருந்தது என்பதெல்லாம் எனக்கு வராது. அம்மையாருக்கு அவை வரும், பெயர் வராது. ஒரே பக்கத்தை முழுதாகப் படிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

உங்கள் பாடத்தில் அப்படி ஒரு பக்கம், ஒரு கணக்கு, ஒரு நோயாளியின் கோப்பு, ஒரு கட்டட வரைபடம் இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள். துறையில் ஆள் பற்றாக்குறை, நேர அட்டவணையில் இடித்தது, மேலிடத்தில் கூட்டு முயற்சி என்றால் பிடிக்கும் என்பவை காரணமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தனியாக நடத்தும் நல்ல பாடம் இருவர் நடத்தும் சுமாரான பாடத்தைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது படி: மடிக்கணினி இல்லாமல் மூன்று மணி நேரம்

பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே இருவரும் நேரில் உட்காருங்கள். தேநீர், காகிதம், பென்சில் போதும். கணினியைத் திறந்தால் உடனே பழைய பாடத்திட்டம் வெளியே வரும், அதைத் திருத்தத் தொடங்குவீர்கள், காரியம் கெட்டது.

கடைசியிலிருந்து தொடங்குங்கள். பாடம் முடியும் நாளில் மாணவர் என்ன செய்ய முடிய வேண்டும்? "அறிந்திருப்பர்", "புரிந்துகொள்வர்" என்றெல்லாம் எழுதாதீர்கள். கண்ணால் பார்க்கக் கூடிய செயலாக எழுதுங்கள். நாங்கள் எழுதியது இதுதான்: ஒரு குடியேறியவரின் பதிவை எடுத்து, பெயரையும் ஊரையும் தமிழில் மீட்டு, அவர் வந்த காலத்தின் சட்டதிட்டங்களோடு பொருத்தி, அவர் வாழ்க்கையைத் தமிழில் மூன்று பக்கம் எழுதி, எட்டு நிமிடம் பேச வேண்டும். இந்த ஒரு வரி வந்ததும் மற்றவை தானாக விழுந்தன. ஜான் பிக்ஸ் 1996இல் எழுதியதும் இதைத்தான்: குறிக்கோள், வகுப்பில் செய்யும் வேலை, தேர்வு மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். உங்கள் பழைய வினாத்தாளை எடுத்துப் பாடக் குறிக்கோளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரியும்.

அடுத்து வெட்டுங்கள். இருவர் சேர்ந்தால் இருவருக்கும் பிடித்ததெல்லாம் பாடத்துக்குள் நுழையும். எங்களிடம் பதினான்கு தலைப்பு இருந்தது, ஐந்தைத் தூக்கினோம். ஆளுநர்களின் வரிசை போயிற்று. 1735இல் வந்த லாபூர்தொனே மட்டும் தங்கினார், ஏனென்றால் ஒப்பந்த முறைக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, தமிழ்க் கைவினைஞர்கள் போர்ட் லூயியில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல அவர் வேண்டும். 1834இல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த அட்லஸ் கப்பல், ஒப்பந்தம் முடிந்த பழைய தொழிலாளர்களைப் புகைப்படம் ஒட்டிய சீட்டோடு நடமாட வைத்த 1867 சட்டம், 1871இல் அவர்களுக்காகப் பரிந்து பேசிய தெ பிளெவிட்ஸ் உதவியோடு அவர்கள் எழுதிய மனு, மறு ஆண்டு வந்த அரச விசாரணைக் குழு ஆகியவை தங்கின. நான் ஆசையாக வைத்திருந்த சங்க இலக்கியக் கடல் வணிகப் பகுதியை அம்மையார் இரக்கமில்லாமல் அடித்தார். இன்றும் எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அவர் அடித்தது சரி.

மூன்றாவது படி: யார் சொல் கடைசிச் சொல்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நான் பார்த்த வரையில் கூட்டு வகுப்புகள் மூடில் (பாடங்களை ஏற்றி வைக்கும் இணையத்தளம்) வேலை செய்யாததால் உடைவதில்லை. ஒரு மாணவன் கெடுவை நீட்டிக் கேட்டபோது ஒருவர் சரி என்றும் மற்றவர் முடியாது என்றும் சொன்னதால் உடைகின்றன. பிள்ளைகள் வீட்டில் அம்மா மறுத்தால் அப்பாவிடம் போவது போலத்தான் இங்கேயும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க வேண்டுமானால் எது எப்போது வெளியே வரும் என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பே சீர்வரிசையைப் பேசி முடிப்பது மாதிரி ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கெடு நீட்டிப்பு யார் முடிவு? மதிப்பெண்ணில் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது? மாணவர் செய்திக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்வது? ஒருவர் வர முடியாத நாளில் வகுப்பு நடக்குமா? எடுத்த வீடியோக்கள் யாருக்குச் சொந்தம், ஒருவர் வேலையை விட்டுப் போனால் மற்றவர் பயன்படுத்தலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் கூச்சம். நட்பாக இருக்கும்போது கேட்பது சுலபம், பிறகு கேட்பது கஷ்டம்.

எங்கள் விதி எளிமையானது. கெடு விஷயம் எல்லாம் அம்மையார். மொழி பற்றிய மதிப்பெண் எல்லாம் நான். மற்றவை இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும். மாணவர் என்னிடம் கெடு கேட்டால் "அது மேடம் கையில்" என்பேன். எனக்கும் நிம்மதி.

நான்காவது படி: மணிக்கணக்கு

ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று உங்கள் நிறுவன விதி சொல்லும். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம். பக்கத்துத் தீவான ரெயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பியக் கணக்கு: 25 முதல் 30 மணி. இந்த எண்ணுக்குள் வகுப்பு, இணையம், வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். ஒரு தாளில் வாரம் வாரமாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். எங்கள் முதல் வருடத் திட்டத்தைப் பிறகு கூட்டிப் பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றரைப் பாடம் வந்தது. அந்த மாணவி மூன்று என்றாள்; கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது வருடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நேரில், ஒன்றரை மணி நேரம் இணையத்தில், மீதி சொந்த வாசிப்பு என்று வைத்தோம். முன்பு நேரில் மூன்று மணி இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை விட மனமில்லாமல் தவித்தது மாணவர்கள் இல்லை, நான்.

கலப்புக் கற்றல் சிறந்தது என்பதற்கு அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பை அடிக்கடி காட்டுவார்கள். நேர் வகுப்பு மட்டும் உள்ளவற்றைவிடக் கலப்பு வகுப்புகளில் பலன் கூடுதல் என்று அதில் வந்தது உண்மைதான். ஆனால் அந்த வகுப்புகளில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, இணையம் என்ற ஊடகத்தால் மட்டும் வந்த பலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதை எழுதியவர்களே எச்சரித்தார்கள். அந்தப் பத்தியை யாரும் காட்டுவதில்லை.

ஆசிரியர் மணிக்கணக்கும் இருக்கிறது. ஒரு வகுப்பில் இருவர் நின்றால் ஆளுக்கு அரை மணி என்று போடுவார்கள். முதல் வருடம் எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அதை ஒத்துக்கொண்டால் இருவரும் மாறி மாறி வருவீர்கள், மறுபடி தொடர் ஓட்டம். இருவரும் இருக்கும் வகுப்புக்கு இருவருக்கும் முழு நேரம், வீடியோ தயாரிக்கும் முதல் வருடத்துக்குத் தனிச் சலுகை என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம் தலைவர் மாறியதும் மறைந்துவிடும்.

ஐந்தாவது படி: எது நேரில், எது இணையத்தில்

நிறுத்தி, பின்னால் தள்ளி, திரும்பப் பார்க்க வேண்டியது இணையத்துக்கு. தப்புச் செய்த அந்த நொடியிலேயே ஒருவர் திருத்த வேண்டியது நேருக்கு. பெரும்பாலான கேள்விகள் இந்த ஒரு அளவுகோலில் தீர்ந்துவிடும்.

இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் ஒரு பாடமாக வந்தது. லகர ளகர ழகர வேறுபாட்டை வீடியோவில் நாக்கு எங்கே தொடுகிறது என்று காட்டலாம். பத்து முறை பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது எதிரில் நான் இருந்தாக வேண்டும். கால வரிசை, சட்டங்களின் சுருக்கம், பதிவேட்டுப் பக்கத்தில் எந்தக் கட்டம் என்ன என்பவை இணையத்தில். பக்கத்தை வாசிப்பது நேரில்.

இணையத்துக்கு மாற்றவே கூடாதது ஒன்று உண்டு. போர்ட் லூயியில் அப்பிரவாசி காட், 1849 முதல் குடியேறியவர்கள் வந்து இறங்கிய கிடங்கு, 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதன் பதினாறு படிக்கட்டுகளைப் படமாகக் காட்டலாம். ஏறிப் பார்க்கச் சொல்வது வேறு. அம்மையார் படிக்கட்டின் அடியில் நின்று நடைமுறையை விளக்கினார். மேலே ஏறியதும் ஆளுக்கொரு பெயரை உரக்கத் தமிழில் வாசிக்கச் சொன்னேன். வகுப்பறையில் வாய் திறக்காத பையன் ஒருவன் அன்று மூன்று பெயர் வாசித்தான்.

ஆறாவது படி: இணையப் பகுதியைத் தயாரித்தல்

வீடியோ நீளம் பற்றி 2014இல் பிலிப் குவோவும் சக ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வைகளில் பாதியாவது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐம்பது நிமிட வகுப்பைப் பதிவு செய்து ஏற்றாதீர்கள். ஒரு கருத்து, ஐந்து நிமிடம், முடிந்தது.

ஐந்து நிமிடத்தில் இருவரும் பேச வேண்டுமா? எல்லாவற்றிலும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்றில் போதும். எங்கள் வகுப்பில் அதிகம் பேசப்பட்ட வீடியோ, ஒரு பதிவை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வாதாடியது. ஊர்ப் பெயர் தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன் நான். வந்த கப்பலையும் ஆள் சேர்த்த இடத்தையும் பார்த்தால் வடக்கே இருக்க வேண்டும் என்றார் அவர். முடிவு எட்டவில்லை. அப்படியே ஏற்றினோம்.

செல்போனில் எடுத்தால் போதும். படத்தைவிட ஒலி முக்கியம். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒலி மட்டும் உள்ள பிரதி ஒன்றும் கொடுங்கள். கியூர்பிப்பிலிருந்தும் தெற்கிலிருந்தும் பேருந்தில் வரும் மாணவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், டேட்டாவும் மிச்சம்.

தமிழில் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் இருக்கும் குறிப்புகள் மாணவர் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. முதல் வாரத்திலேயே எல்லாருடைய போனிலும் தமிழ் விசைப்பலகை போட வைத்துவிடுங்கள். தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்றுக்கொடுத்தால் நல்லது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்கிறவரோடு சண்டை போட வேண்டாம்.

மூடிலில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே அமைப்பு இருக்கட்டும்: பார், கேள், செய், கொண்டு வா. இரண்டு ஆசிரியர் இரண்டு விதமாக அடுக்கினால் மாணவர் தொலைந்துபோவார். ஒருவர் மட்டும் ஏற்றுங்கள், மற்றவர் மாணவராக நுழைந்து சரி பாருங்கள்.

வார இறுதியில் ஐந்து கேள்விச் சோதனை ஒன்று வையுங்கள், மதிப்பெண் பெயருக்கு இருந்தால் போதும். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் காட்டினார்கள். வகுப்புக்குள் நுழையும் முன் யாருக்கு எது புரியவில்லை என்பதும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஏழாவது படி: வகுப்பறையில் இருவர்

குக்கும் ஃப்ரெண்டும் 1995இல் கூட்டுக் கற்பித்தலுக்கு விளக்கிய முறைகளைத்தான் இன்றும் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவை பள்ளிகளுக்காக எழுதப்பட்டவை. பல்கலைக்கழகத்தில் எல்லாமே பொருந்தாது. ஒருவர் நடத்த மற்றவர் நடமாடி உதவுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டே வாரத்தில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் எடுபிடி என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார்கள். ஒருவர் நடத்த மற்றவர் ஓரமாக உட்கார்ந்து யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று குறிப்பெடுப்பது பருவத்தில் இரண்டு முறை செய்யத் தகுந்தது. நான் கேள்வி கேட்டதும் எப்போதும் முன்வரிசையையே பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். வகுப்பை இரண்டாகப் பிரித்து இருவரும் ஒரே பாடத்தை நடத்துவது எங்களுக்கு உதவாது, அம்மையாருக்குத் தமிழ் வராதே.

எங்களுக்கு நன்றாக ஓடியது நிலைய முறை. மூன்று மேசை. ஒன்றில் அம்மையாரோடு பதிவேட்டின் நகல். ஒன்றில் என்னோடு பெயர்களைத் தமிழில் மீட்பது. மூன்றாவதில் மாணவர்கள் தாங்களாகவே. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவார்கள். மூன்றாவது மேசைக்கு முதல் வாரம் மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தோம். நம் நோட்டில் தமிழ் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வாசித்துப் பார்த்தவர் குறைவு.

அப்புறம், இருவரும் சேர்ந்து நின்று பேசுவது. இதற்குக் கொஞ்சம் ஒத்திகை வேண்டும். குறுக்கே பேச ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அம்மையார் பேனாவைத் தூக்கினால் நான் வாக்கியத்தை முடித்து நிறுத்துவேன். மாணவர் முன் கருத்து வேறுபடுங்கள், அது அவர்களுக்குப் பாடம். நடைமுறை விஷயத்தில் மட்டும் அவர்கள் முன்னால் வேறுபடாதீர்கள். "இது தேர்வுக்கு வருமா?" என்ற கேள்விக்கு இரண்டு பதில் கொடுத்தால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் தீர்மானியுங்கள். எங்களுடையது இப்படி: அம்மையார் ஆங்கிலத்தில் நடத்துவார், நான் தமிழில், மேசைகளில் மாணவர் தமக்குள் கிரியோலில் பேசலாம், எழுதிக் கொடுப்பது தமிழில். கிரியோலைத் தடுத்த முதல் வருடம் வகுப்பே மௌனமாக இருந்தது.

எட்டாவது படி: வாரத்தின் நடுவே

இரண்டு ஆசிரியர் இருந்தால் மாணவர் கேள்வி இரண்டு மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வரும். ஒரே இடம் வையுங்கள். திங்கள் முதல் புதன் வரை ஒருவர், பிறகு மற்றவர் என்று முறை வைத்துப் பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். இரவு எட்டு மணிக்குமேல் பதில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை இருவரும் இருபது நிமிடம் பேசுங்கள். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை தால் பூரி வண்டிப் பக்கம் நடந்தது. என்ன புரியவில்லை, யார் வரவில்லை, அடுத்த வாரம் எதை விடுவது என்று மூன்று கேள்வி. நான்காவது வாரத்தில் மாணவர்களிடம் பெயரில்லாத ஒரு தாளில் "எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். பருவ முடிவில் வாங்கும் கருத்து அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குத்தான் உதவும்.

ஒன்பதாவது படி: மதிப்பெண்

மதிப்பீட்டு அளவுகோலை இருவரும் சேர்ந்து எழுதுங்கள், மாணவரிடம் முதல் வாரமே கொடுங்கள். திருத்தத் தொடங்கும் முன் ஐந்து தாளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். முதல் தடவை ஒரே கட்டுரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த அம்மையார் 48 போட்டார், தமிழில் படித்த நான் 67. காரணம் தேடினால், தேதிப் பிழை அவருக்குப் பெரும் குற்றம், எனக்குச் சின்ன விஷயம். சந்திப் பிழை எனக்கு முள்ளாகக் குத்தியது, அவர் கண்ணில் அது படவே இல்லை. வரலாற்றுக்கு 40, மொழிக்கு 40, இரண்டையும் இணைத்த விதத்துக்கு 20 என்று பிரித்த பிறகு சண்டை குறைந்தது. அந்த 20ஐ மட்டும் இருவரும் பேசிப் போடுகிறோம்.

வீட்டில் எழுதி வரும் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று துப்பறியும் வேலையில் இறங்காதீர்கள். எட்டு நிமிடப் பேச்சின் முடிவில் ஆளுக்கு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒன்று உங்கள் கூட்டாளி, ஒன்று நீங்கள். எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

குடும்ப ஆவணங்களை வைத்து வேலை வாங்கினால் ஒரு எச்சரிக்கை. பதிவேட்டில் சாதி இருக்கும், சில நேரம் வீட்டில் பேசாத விஷயங்களும் இருக்கும். சொந்தக் குடும்பத்தை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பொதுவான பதிவு ஒன்றை எப்போதும் மாற்றாக வைத்திருங்கள்.

புயல் வந்தால்

இந்தத் தீவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை நிலை ஏறியதும் கல்வி நிறுவனங்களை மூடிவிடுவார்கள். கலப்புப் பாடம்தானே, அன்று இணையத்தில் நடத்தலாம் என்று நிர்வாகம் சொல்லும். புயலன்று மின்சாரம் போகும், இணையம் போகும், மாணவர் வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்த யாரும் அன்று நேரலை வகுப்பு வைக்க மாட்டார்கள். எங்கள் விதி: எச்சரிக்கை வந்தால் எல்லாக் கெடுவும் யாரும் கேட்காமலே மூன்று நாள் தள்ளும், இரண்டு வார ஒலிக்கோப்புகள் முன்கூட்டியே தரவிறக்கிக் கையில் இருக்கும், தவறிய நேர் வகுப்புக்காக அட்டவணையில் ஒரு வாரம் காலியாக விட்டிருப்போம். புயல் வராத வருடம் அந்த வாரத்தில் நிலைய முறையை இன்னொரு முறை ஓட்டலாம்.

கூட்டாளி கடல் தாண்டி இருந்தால்

தமிழ்நாட்டிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். நம் மாலை நான்கு அவர்களுக்கு ஐந்தரை, தாங்கக் கூடியதுதான். டர்பன் நமக்கு இரண்டு மணி பின்னால். ரெயூனியன் அதே நேரம். ஜூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும், அதற்குள் முடியும்படி திட்டமிடுங்கள் அல்லது நிறுவனக் கணக்கைப் பயன்படுத்துங்கள். அங்குள்ளவர் திரையில் முகமாக மட்டும் இருந்தால் மாணவர் அவரை விருந்தினராகவே நினைப்பார்கள். அவரும் தாள் திருத்த வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை என்றால் ஒரு நல்ல விருந்தினர் உரையாக அழைத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

முழுப் பாடத்தையும் முதல் வருடமே மாற்ற வேண்டியதில்லை. நான்கு வாரத்தை மட்டும் எடுத்து இப்படி நடத்திப் பாருங்கள். மீதி பழையபடி ஓடட்டும். எல்லாக் கோப்புகளையும் துறையின் பொதுக் கணக்கில் வையுங்கள், ஒருவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாம். அம்மையார் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு வரப்போகிற இளைஞருக்கு அந்தக் கோப்புறையின் சாவியைக் கொடுத்தாயிற்று. மூன்று மணி நேர உட்கார்வுக்குத் தேதியும் குறித்தாயிற்று. சங்கக் கடல் வணிகப் பகுதியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று அவரிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கப் போகிறேன்.